‘படம் எப்டிக்கா?’ என்று கேட்டால்

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். இரண்டு மிஷின், ஒரு ஓவர்லாக், உதவிக்கு ஒரு பெண், வருகிறவர்கள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கொக்கி வைத்து முடிக்கிற வரைக்கும் காத்திருப்பவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார்கள். கரன்ட் பில், மாமியார், முழங்கால் வலி என்று எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு சினிமாவில் வந்து நிற்கும். இருபத்து நான்கு வருஷமாக இதுதான் நடக்கிறது. சினிமாவைப் பற்றி எப்படிப் பேசுவது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன். எனக்கு சினிமா தெரியும் என்பதால் அல்ல. பேசிக் கெடுத்துக்கொண்ட அனுபவம் நிறைய.

அதில் ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா என்னிடம்தான் தைப்பார். வருஷத்துக்கு ஆறு ஜாக்கெட், பேரம் பேச மாட்டார். ஒருநாள் அவர் துணி கொடுக்க வந்தபோது கடை டிவியில் ‘படகோட்டி’ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. 1964-இல் வந்த படம், மீனவர்கள் கதை, எம்.ஜி.ஆர்., சரோஜாதேவி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “மேக்கப் போட்டுனு மீன் புடிக்கப் போறாரு பாரேன்” என்றேன். உதவிப் பெண் சிரித்தாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. மேஜைமேல் வைத்த துணியை எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, “அப்பால வரேன்” என்று போய்விட்டார். அப்பால எட்டு மாசம் ஆளே வரவில்லை.

மகள் கல்யாணத்துக்குத் தைக்க வேறு வழியில்லாமல் வந்தபோதுதான் சொன்னார். “எங்க நைனா வலை பின்னும்போது அந்தப் பாட்டத்தான் பாடுவாரு. படத்த நான் முழுசா பாத்ததே இல்ல.”

மேக்கப் பற்றி நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அது ஒரு அபிப்பிராயமா என்றால், இல்லை. போகிற போக்கில் எறிந்த கல். எங்கே விழுகிறது என்று பார்க்காமல் எறிந்தேன். அதற்கப்புறம்தான் படத்தைப் பற்றிப் பேசுவதில் சில வழக்கங்களை நானே எனக்கு வைத்துக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்களும் கொஞ்சம் பழகிவிட்டார்கள்.

ஒரு இடத்தைச் சொல்லுங்கள்

என் கடையில் நான்கு வார்த்தைக்குத் தடை. மொக்கை, செம, வேற லெவல், லேக் (இழுக்கிறது என்று அர்த்தம்). சொன்னவர் பத்து கொக்கி வைத்துக் கொடுக்க வேண்டும். விளையாட்டுக்குத்தான், ஆனால் வேலை நடக்கிறது.

இந்த வார்த்தைகள் கெட்டவை இல்லை. அவற்றைக் கேட்டபின் எதிரில் இருப்பவருக்குப் பேச ஒன்றும் இருக்காது, அதுதான் சங்கடம். “செம” என்றால் “ஆமா” என்பார், அல்லது “போப்பா” என்பார். அதோடு முடிந்தது. சிலர் துணியைக் கொடுத்து, “நல்லா தைச்சுக் குடுக்கா” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நல்லா என்றால்? கழுத்து எவ்வளவு இறக்கம், கை முழங்கைக்கு மேலேயா கீழேயா? ஒரு அளவு ஜாக்கெட் கொடுத்தால்தான் கத்திரியைத் துணியில் வைக்க முடியும். படத்துக்கும் அப்படி ஒரு அளவு ஜாக்கெட் வேண்டும். அது ஒரு காட்சி. ஒன்றே ஒன்று போதும்.

உதவிப் பெண்ணிடம் இதைப் பழக்கிய கதையைச் சொல்கிறேன். ‘சார்பட்டா பரம்பரை’ பார்த்துவிட்டு வந்து “சூப்பர்க்கா” என்றாள். எந்த இடம் என்று கேட்டேன். “டான்சிங் ரோஸ்.” அதில் வருகிற ஒரு பாக்சர், எல்லோரும் சொல்கிற பதில். அவர் என்ன செய்தார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காஜா எடுத்துக்கொண்டே யோசித்தாள். “அவரு அடிக்க வராருன்னே தெரிலக்கா. டான்ஸ் ஆடுறாருன்னு நம்ம பாத்துனு இருப்போம், அதுக்குள்ள அடி வுழுந்துரும். எனக்கு ஒரு சித்தப்பா கீறாரு. சிரிச்சிக்கினே இருப்பாரு, போனப்புறம் பாத்தா எங்கம்மா கையில இருந்த காசு அவருகிட்ட போயிருக்கும்.”

அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சிலேயே இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சித்தப்பா அவளுக்கு மட்டும்தான் இருக்கிறார். அவளைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

எந்த இடத்தை எடுப்பது? கிளைமாக்ஸ் வேண்டாம், இன்டர்வலும் வேண்டாம். அவை உங்கள் மனசில் நிற்க வேண்டும் என்று எடுப்பவர்களே பாடுபட்டு வைத்த இடங்கள். மறுநாள் காலையில் பாத்திரம் தேய்க்கும்போதோ பஸ்ஸில் நிற்கும்போதோ தானாக ஒரு இடம் வந்து நிற்கும் பாருங்கள், அதை எடுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஒருவர் தட்டைத் தள்ளி வைத்த விதமாகக்கூட இருக்கலாம்.

எனக்கு மறதி அதிகம். அதனால் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைக்கிறேன். மூன்றே வரி: எந்த இடம், அப்போது நான் என்ன செய்தேன், எனக்கு விளங்காதது என்ன. ‘மெய்யழகன்’ பார்த்த அன்று எழுதியது இப்படி இருக்கிறது: “இவ்வளவு பாசமாகப் பேசுகிறவன் பேர் தெரியவில்லையே என்று அரவிந்த்சாமி தவிக்கிற இடம். நான் சிரித்தேன், பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. கேட்டுவிட்டால் என்ன, ஏன் கேட்கவில்லை?” அந்த நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினால் ஏன் சிரித்தேன் என்று தெரியும். ‘ரோஸ் புடவை அக்கா, 36’, ‘தேரடி டீச்சர், கை லூஸ்’, ‘மூணாவது மாடி’. ஏழெட்டு வருஷமாக வருகிறவர்கள். பேர் தெரியாது. இனிமேல் கேட்கவும் முடியாது.

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். விளங்காததைச் சொன்னால்தான் எதிரில் இருப்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள்

இதை நம்மில் பாதிப் பேர் சொல்வதே இல்லை. படம் தியேட்டரில் ஒன்று, போனில் வேறொன்று, டிவியில் மூன்றாவது ஒன்று.

நான் சின்னப் பிள்ளையாகப் படம் பார்த்தது டி.எச். ரோடு அகஸ்தியாவில். 1967-இல் திறந்த தியேட்டர், 2020-இல் மூடிவிட்டார்கள். எங்கள் ஆயா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போவார். அங்கே பார்த்த எந்தப் படத்தைப் பற்றியும் என்னால் நியாயமாகப் பேச முடியாது. படத்தோடு சேர்ந்து முறுக்கு வாசனை, ஆயா புடவையின் மீன் வாசனை, விசில் எல்லாம் வந்துவிடும். அதனால் அந்தப் படங்களைப் பற்றிப் பேசும்போது, “இது அகஸ்தியாவில் ஆறு வயசில் பார்த்தது” என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கேட்பவர் அதற்குத் தகுந்த மாதிரி கழித்துக்கொள்ளட்டும்.

‘சார்பட்டா’ 2021 ஜூலையில் நேராக அமேசான் பிரைமில்தான் வந்தது. கொரோனா காலம். பாக்சிங் படத்தை உள்ளங்கை அகலத் திரையில், தைத்துக்கொண்டே, மூன்று நாளாகப் பார்த்தேன். எங்கள் ஹார்பர், எங்கள் பாஷை, எழுபதுகளின் அகலக் காலர், பெல்பாட்டம் எல்லாம் போனுக்குள். இரண்டாம் பாதி இழுக்கிறது என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இழுத்தது படமா, நான் பத்து பத்து நிமிஷமாகப் பார்த்ததா? பிறகு என் தம்பி வீட்டுப் பெரிய டிவியில் ஒரே மூச்சில் பார்த்தேன். ஹீரோ கபிலன் குடித்துச் சீரழிகிற பகுதி அப்போதும் எனக்கு நீளமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது தடவை அதைச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது.

டிவியில் பார்த்ததை வைத்து ‘லேக்’ என்று சொல்பவர்களுக்கு ஒன்று: நடுவே வந்த விளம்பரத்தை முதலில் கழித்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், எந்தப் படத்தைப் பார்த்தீர்கள் என்பதே இப்போது கேள்வியாகிவிட்டது. ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பரில் வந்து சில நாளிலேயே பதினெட்டு நிமிஷம் போலக் குறைத்தார்கள். முதல் நாள் பார்த்தவரும் அடுத்த வாரம் பார்த்தவரும் என் கடையில் சண்டை போட்டார்கள். அவர் ஒரு இடத்தைச் சொல்ல, இவர் “அப்படி ஒண்ணு வரவே இல்லியே” என்று சொல்ல, இருவருக்குமே கோபம். இருவர் சொன்னதும் உண்மை.

உங்கள் தொழிலிலிருந்து பேசுங்கள்

இந்த ஒன்றைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன்.

ராயபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். மனைவியின் ஜாக்கெட்டை வாங்கிப் போக அவர்தான் வருவார், அந்த அம்மாவுக்கு மாடிப்படி இறங்க முடியாது. ஹார்பரில் விஞ்ச், அதாவது கயிற்றில் சரக்குத் தூக்குகிற மிஷின், ஓட்டி ரிட்டயர் ஆனவர். அதிகம் பேச மாட்டார். ஒருநாள் நானும் இன்னொரு வாடிக்கையாளரும் ‘முள்ளும் மலரும்’ பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 1978-இல் மகேந்திரன் எடுத்தது. ரஜினி அதில் காளி, மலைமேல் போகிற டிராலிக்கு விஞ்ச் ஆபரேட்டர். புதிதாக வருகிற என்ஜினியர் சரத்பாபு. நாங்கள் இருவரும் அண்ணன் தங்கச்சி பாசம், ஷோபா நடிப்பு என்று எல்லோரும் பேசுகிறதையே பேசிக்கொண்டிருந்தோம். பெரியவர் நாற்காலியிலிருந்து சொன்னார்:

“அந்த லீவரப் புடிச்சவனுக்குத்தான் தெரியும்மா. கயிறு முனையில ஆள் தொங்கும்போது ஆபீசரு, அதிகாரி ஒருத்தனும் கெடியாது. அவன்தான் ராஜா. நேத்து வந்த ஒருத்தரு, இவன ஏத்தாத அவன ஏத்தாதன்னா எப்டி இருக்கும்? காளி திமிரு புடிச்சவன்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்தத் திமிரு விஞ்ச்லேர்ந்து வர்றது.”

நான் அந்தப் படத்தை நாலு தடவை பார்த்திருக்கிறேன். கை போன பிறகு காளி ஏன் அவ்வளவு உடைந்து போகிறான் என்பதை கை போன துக்கமாகத்தான் பார்த்திருந்தேன். பெரியவர் சொன்ன அன்றுதான் அது லீவர் போன துக்கம் என்று எனக்குத் தெரிந்தது. கடைசியில் தங்கச்சியை அந்த என்ஜினியருக்கே கொடுத்துவிட்டு, எனக்கு இப்பவும் உங்களைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறானே, அதுவும் வேறு மாதிரி கேட்டது.

பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கு இது கிடைக்காது. அவர்கள் விஞ்ச் ஓட்டியதில்லை. நீங்கள் நர்சாக இருந்தால் ஆஸ்பத்திரி காட்சியைப் பற்றிச் சொல்லுங்கள். ஆட்டோ ஓட்டினால் ஹீரோ ஆட்டோவில் உட்காரும் விதத்தைச் சொல்லுங்கள். எங்கள் தெரு சலூன்கார அண்ணன் ‘மகாராஜா’ பார்த்துவிட்டு வந்து விஜய் சேதுபதி கத்திரி பிடித்ததைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசினார். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தொழில் கண்ணை மறைக்கவும் மறைக்கும். 2022-இல் ‘பொன்னியின் செல்வன்’ வந்து மூன்று வாரத்தில் தீபாவளி. குந்தவை போட்ட மாதிரி வேண்டும், நந்தினி போட்ட மாதிரி வேண்டும் என்று போனில் படத்தைக் காட்டி உயிரை எடுத்தார்கள். சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று போனேன். யாராவது முதுகைக் காட்டித் திரும்பினால் போதும், ரவிக்கையில் கொக்கி எங்கே இருக்கிறது என்று தேடினேன். பாதி அரசியல் எனக்குப் புரியவில்லை. படம் எப்டிக்கா என்று கேட்டவர்களிடம், “நான் படம் பார்க்கல, கொக்கிதான் பார்த்தேன்” என்று உள்ளதைச் சொன்னேன். அதுவும் ஒரு பதில்தான். இப்படிச் சொல்வது எனக்குப் புதிதுமல்ல, எண்பதுகளில் ‘நதியா கம்மல்’ போட்டுக்கொண்டு திரிந்த தலைமுறை நான்.

பழைய படம் என்றால்

பழைய படத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு பக்கமும் குழி. கும்பிடு போடுவது ஒன்று, கிண்டல் செய்வது இன்னொன்று. இரண்டையும் படம் பார்க்காமலே செய்யலாம் என்பதுதான் வசதி. நான் படகோட்டியை அப்படித்தான் செய்தேன்.

கடைப் பெண்ணுக்கு ‘பராசக்தி’ கோர்ட் காட்சியைக் காட்டினேன். 1952. “ஏன்க்கா மீட்டிங்ல பேசற மாதிரியே பேசறாரு?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. கிண்டலாகக் கேட்டிருந்தாலும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அது நாடகமாக மேடையில் நடந்த கதை. சிவாஜியும் மேடையிலிருந்து வந்தவர். கலைஞர் வசனம் காதால் கேட்பதற்காக எழுதியது, அதை மனப்பாடம் செய்து ஒப்பித்த ஒரு தலைமுறையே இருந்தது. இவ்வளவையும் அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகும், “தெரிது, ஆனா எனக்கு டயர்டா கீதுக்கா” என்றாள். சரி, அது அவள் அபிப்பிராயம். காரணம் தெரிந்தபின் பிடிக்காமல் போவது வேறு, தெரியாமல் பிடிக்காமல் போவது வேறு. முதலாவதோடு எனக்குச் சண்டையே இல்லை.

அவளுக்கே ‘அந்த நாள்’ பிடித்துவிட்டது. 1954-இல் எஸ். பாலசந்தர் எடுத்தது, படத்தில் பாட்டே கிடையாது. தொடக்கத்திலேயே சிவாஜி செத்துக் கிடப்பார். ஜப்பான்காரன் சென்னைமேல் குண்டு போட்ட 1943-ஆம் வருஷத்துக் கதை. விஞ்ச் பெரியவர் வந்திருந்தபோது இதைச் சொன்னேன். குண்டுக்குப் பயந்து ஊரே காலியானதை அவருடைய அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாராம், அதை அவர் சொல்ல ஆரம்பித்தார். படம் அங்கேயே நின்றுவிட்டது. பேச்சு ஹார்பருக்குப் போய்விட்டது. அப்படிப் போனால் விட்டுவிட வேண்டும், இழுத்து வராதீர்கள்.

பழைய படம் பற்றிப் பேசும் முன் உங்கள் வயசைச் சொல்லுங்கள். இப்போதைய வயசு இல்லை, பார்த்தபோது இருந்த வயசு. ‘அவள் ஒரு தொடர்கதை’ 1974 படம், கே. பாலசந்தர் எடுத்தது, சுஜாதா அதில் கவிதா. ஒருத்தி சம்பாத்தியத்தில் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்கும். டிவியில் பதினாறு வயசில் பார்த்தபோது கவிதா மேல் எனக்குக் கோபம். எப்போது பார்த்தாலும் சிடுசிடு என்று இருக்கிறாளே, கொஞ்சம் சிரித்தால் என்ன? நாற்பதைத் தாண்டி, வாடகை, கடை அட்வான்ஸ், தம்பியின் கடன் எல்லாம் என் தலையில் இருந்த காலத்தில் மறுபடி பார்த்தேன். அவள் சிடுசிடுப்பில் ஒரு கொக்கிகூடக் கூடுதலாக இல்லை, எல்லாம் சரியான அளவு. படம் அதேதான். ஆகவே பத்து வருஷத்துக்கு முன் பார்த்ததைப் பற்றிப் பேச நேர்ந்தால், ஒன்று மறுபடி பாருங்கள், இல்லையென்றால் “அப்போ பார்த்தது” என்றாவது சொல்லுங்கள்.

2003 பொங்கலுக்கு ‘அன்பே சிவம்’ வந்தபோது தியேட்டரில் ஓடவில்லை. இன்றைக்கு என் கடைக்கு வருகிறவர்களில் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்க்காதவர்களே இல்லை, கேட்டுப் பாருங்கள்.

புதுப் படம் என்றால்

ஒரு ராத்திரி பொறுங்கள். அவ்வளவுதான்.

ராயபுரம் ஐட்ரீமோ பெரம்பூர் எஸ்2வோ, படம் விட்டு வெளியே வந்ததும் முகத்துக்கு நேரே ஒரு மைக் வரும். “ப்ரோ, படம் எப்டி?” உள்ளே இருட்டில் இரண்டரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தவனுக்கு வெளிச்சமே கூசும், அவன் என்னத்தைச் சொல்வான்? கத்துவான். 2024 நவம்பரில் தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று, தியேட்டர் வளாகத்தில் இந்த மாதிரி எடுக்க விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அவர்கள் கவலை வசூல். என் கவலை வேறு: அந்தப் பையனுக்கே தன் அபிப்பிராயம் என்ன என்று அப்போது தெரியாது. கத்தியதை மறுநாள் மாற்றிச் சொன்னால் மானம் போகும் என்று அதையே பிடித்துத் தொங்குவான்.

கதையைச் சொல்லாமல் ஆசையைக் கிளப்புவது ஒரு கலை. ‘மகாராஜா’வுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: “வீட்டுக் குப்பைத்தொட்டியக் காணோம்னு ஒருத்தரு போலீஸ் ஸ்டேஷன்ல வந்து கம்ப்ளெய்ன்ட் குடுக்கறாரு.” இதற்கு மேல் ஒரு வரி சொன்னாலும் அந்தப் படத்துக்குத் துரோகம். பொதுவாக முதல் அரை மணி நேரத்துக்குள் நடப்பதை மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் பேச வேண்டும் என்று நாக்கு அரித்தால், பார்த்த இன்னொருவரைப் பிடியுங்கள்.

நம்ம ஏரியா படம்

இது எங்களுக்கு மட்டும் இருக்கிற தலைவலி. வடசென்னைப் படம் என்று ஒன்று வந்தால், அது நன்றாக இருக்கிறதா என்பதற்கு முன்னால், “எங்கள இப்டியாடா காட்டுவீங்க?” என்பது வந்துவிடும். ஒரு மாப்பிள்ளை வீட்டார், பெண் வியாசர்பாடி என்றதும் தயங்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதனால் அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் மொத்தமாகக் கோபப்பட்டால் யார் காதிலும் விழாது. அங்கேயும் இடத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

2018-இல் வெற்றிமாறனின் ‘வடசென்னை’ வந்தபோது மீனவ மக்கள் தரப்பிலிருந்து வருத்தம் தெரிவித்தார்கள். குறிப்பாகப் படகில் வருகிற காட்சி. இயக்குநர் வருத்தம் தெரிவித்து அதை எடுத்துவிட்டார். ‘படம் அசிங்கம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் எதை எடுப்பார்?

அந்தப் படத்தில் என்னுடைய குறை வேறு. தனுஷ் கேரம் ஆடுகிறவராக வருவார். அந்தப் போர்டைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் எங்கள் பக்கத்துச் சந்துகளில் போர்டைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். 2024-இல் உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்த பெண்ணே புது வண்ணாரப்பேட்டைதான், ஆட்டோ ஓட்டுபவரின் மகள். படம் போகப் போகக் கத்தி கூடிக்கொண்டே போனது, போர்டு பின்னால் போய்விட்டது. எனக்குப் போர்டு வேண்டும். இது அந்தப் படத்தின் தப்பா என்றால் இல்லை, அவர் சொல்ல வந்தது வேறு கதை. என் ஆசை இது என்றுதான் சொல்வேன். ராஜீவ் காந்தி இறந்த இரவில் கடைகள் சூறையாடப்படுகிற பகுதி இருக்கிறதே, அந்தக் கலவரத்துக்கு நடுவே ஒரு காதலை ஆரம்பித்துவைக்கிற துணிச்சலை நான் வேறெங்கும் பார்க்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்வேன்.

‘மெட்ராஸ்’ பற்றி எல்லோரும் கட்சிக்காரர்கள் அடித்துக்கொள்கிற அந்தச் சுவரைப் பேசுவார்கள். 2014-இல் வந்த நாளிலிருந்து சுவர், சுவரின் அரசியல் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்தப் படம் அன்புவும் மேரியும் வீட்டுக்குள் பேசிக்கொள்கிற இடங்கள்தான். ஹவுசிங் போர்டு வீட்டின் ஒற்றை அறையில் புருஷன் பெண்டாட்டி சிரிப்பது திரையில் வந்ததே எனக்குப் பெரிசு. சுவர் தெரியாத ஆள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

எதிரில் இருப்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால்

“உங்களுக்கு ரசனை இல்ல” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். படத்தைப் பற்றிய பேச்சு அங்கே செத்து, ஆளைப் பற்றிய பேச்சு ஆரம்பமாகிவிடும். “உனக்கு எந்த இடத்துல புடிச்சுது?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் சொல்கிற இடத்தில் நீங்கள் தூங்கியிருப்பீர்கள், அல்லது மிஷினில் நூல் கோத்திருப்பீர்கள்.

தலைவர், தளபதி, தல என்று நெஞ்சில் பச்சை குத்தியவரிடம் முதல் வாரம் எதுவும் பேசாதீர்கள். பயந்து சொல்லவில்லை. அவர் படம் பார்க்கப் போகவில்லை, திருவிழாவுக்குப் போயிருக்கிறார். திருவிழாவில் போய் நாதஸ்வரத்தில் சுருதி சரியில்லை என்பீர்களா? நாலாவது வாரம் அவரே வந்து “செகண்ட் ஹாஃப் கொஞ்சம்…” என்று இழுப்பார். அப்போது காது கொடுங்கள்.

சாவு வீட்டிலும், துணி கிழிந்து சண்டைக்கு வந்தவரிடமும் சினிமா வேண்டாம். இரண்டிலும் சூடு கண்டவள் சொல்கிறேன்.

காசிமேட்டு அம்மா இப்போது பழையபடி வருகிறார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்தத் தடைக்காலத்தில் அவருக்கு வேலை குறைவு. போன தடைக்காலத்தில் ஒரு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனை ஊசி டப்பாமேல் சாய்த்து வைத்து, ‘படகோட்டி’யை முழுசாகப் போட்டோம். நான் வாயைத் திறக்கவில்லை. அவருடைய நைனாவின் பாட்டு வந்தபோது அவரும் பேசவில்லை, வெற்றிலையை மென்றுகொண்டு பார்த்தார். பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

“மேக்கப்பு கொஞ்சம் ஜாஸ்திதாம்மா” என்றார்.